கட்டில் காலில் ஒரு பச்சை நாடா

அந்த அம்மாவோடு கடைக்குப் போவதைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. குவைத்தில், அப்பாசியாவில், நாங்கள் குடியிருந்த கட்டிடத்துக்குக் கீழே ஒரு மலையாளியின் பக்காலா இருந்தது. சின்ன மளிகைக் கடைதான். நான் தனியாகப் போனால் தக்காளி, தயிர், மல்லித்தழை என்று வாங்கிக்கொண்டு, இறங்கி வந்த லிஃப்ட் மேலே போவதற்குள் திரும்பிவிடுவேன். அவர் கூட வந்தால் போச்சு. ஒவ்வொரு டப்பாவையும் கையில் எடுப்பார், திருப்புவார், மோந்து பார்ப்பார். இதற்கு என்ன பேர், இதை யார் வாங்குவார்கள், எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்று கேட்பார். ஒன்றும் வாங்கமாட்டார். ஒருநாள் பல்பொடி டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு வாயில் வைத்துவிட்டார். கடைக்காரர் பயந்துபோய் என் பக்கம் சாய்ந்து, "முனிசிபாலிட்டியில் நின்னு செக்கிங்கினு வந்த மேடமாணோ?" என்றார்.

"இல்லை சேட்டா, கதை எழுதுறவங்க."

"கதைக்கு எந்தினா பல்பொடி?"

எனக்கும் அப்போது தெரியாது.

அவர் அமெரிக்காக்காரர். வருஷத்தில் பாதி பனி கொட்டும் ஏதோ ஒரு மாநிலம். ஐம்பதைத் தாண்டிய, உயரமான, ஒல்லியான பெண்மணி. நரைத்த முடியைக் காதோடு வெட்டியிருப்பார். நான் வேலை பார்த்த காலேஜில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக்கொடுக்க வந்தவர். நான் அதே டிபார்ட்மெண்டில் ஆபீஸ் அசிஸ்டெண்ட். அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு எழுத்துக்காரம்மா என்று பேர், அது போதும். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

மூன்று கதைப் புத்தகங்கள் போட்டிருந்தார். மூன்றுக்கும் அவர் நாட்டில் நல்ல பேராம், விற்பனைதான் இல்லையாம். "நல்ல பேரை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. அதனால்தான் இந்த வெயிலுக்கு வந்தேன்" என்பார். இப்படிச் சொல்லும்போது வருத்தமோ வெட்கமோ எதுவும் தெரியாது. வெயில் எப்படி இருக்கிறது, தார் ரோட்டில் செருப்பு எப்படி ஒட்டுகிறது என்பதிலேயே அவருக்குக் கவனம்.

எழுதுவது வீட்டில் இல்லை, காரில். காலேஜ் வாசலில் நிழலுக்குப் போட்ட தகரப் பந்தலின் கீழே அவருடைய பழைய வெள்ளைக் கார் நிற்கும். ஏசியைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை ஸ்டியரிங்கில் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் முழுக்க ஒரே பத்தியை எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பந்தலில் கார் கழுவும் வங்காளத்துப் பையன் ஒருவனைப் பற்றியது அது. அவனைக் கூப்பிட்டு அவனுடைய வாளியைக் கையில் வாங்கி, அது முதலில் எந்தப் பெயிண்ட் வந்த வாளி, கைப்பிடிக் கம்பியில் சுற்றியிருக்கும் துணி யாருடைய சட்டை என்றெல்லாம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க கதைதானே எழுதுறீங்க? வாளியக் கற்பனை பண்ணிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"பேர் யாருடையதாகவும் இருக்கலாம். ஊரை மாற்றுவேன், வயதை மாற்றுவேன், ஆணைப் பெண்ணாக்குவேன். வாளி மட்டும் அந்த வாளியாகத்தான் இருக்க வேண்டும். வாளியை மாற்றினால் எனக்குக் கதை செத்துப்போகும்" என்றார்.

இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாணவிகள் எழுதிக் கொண்டுவரும் கட்டுரைகளின் ஓரத்தில் அவர் போடும் கேள்வியும் ஏறக்குறைய இதேதான். என்ன நிறம்? என்ன நிறம்? என்ன நிறம்? பக்கத்துக்கு நாலு இடத்தில் இருக்கும். ஒரு மாணவி என் மேஜைக்கு வந்து அழாத குறையாக, "மிஸ், பாலைவனத்தில் சூரியன் அஸ்தமித்தது என்று எழுதினேன். அதற்கும் என்ன நிறம் என்று கேட்கிறார்" என்றாள். போய் இன்று சாயங்காலம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் போகவில்லை. இவர் போய்விட்டு வந்தார். மறுநாள் மூக்கு உரிந்துபோய் நின்றார்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அவருக்கு ஒரே மகன். அவனுடைய சின்ன வயசுச் சங்கதி ஒன்றைக் கதையில் எழுதிவிட்டார். பேர் வேறு, ஊர் வேறு. ஆனால் அந்தப் பையன் படுக்கையை நனைத்த ராத்திரிகளில் ஈரத் துணியைச் சுருட்டி ஒளித்துவைத்த மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் அப்படியே கதைக்குள் போய்விட்டது. அவன் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண் அதைப் படித்துவிட்டு, வீட்டு அலமாரியில் தொங்கிய அதே மழைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சிரித்தாளாம். அன்றிலிருந்து மகன் பேசுவதில்லை.

"ஒரு சிவப்புக் கோட்டுன்னு எழுதியிருக்கலாமே" என்றேன்.

"முயற்சி செய்தேன்" என்றார். அவர் கண் கலங்கிப்போயிற்று. ஆனால் அதைத் துடைக்காமல் என் கழுத்தில் இருந்த தாலிக்கயிற்றைப் பார்த்து, "இதற்கு மஞ்சள் பூசுவது எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று கேட்டார். என்ன மனுஷி இவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்காக அவரை ஈரமில்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஆபீஸில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தூரத்திலிருந்து நேராக வந்து, "மேஜையை ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாய்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் என்னைக் காரில் ஏற்றினார். ரத்தம் போவது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை நிற்கவில்லை. பார்க்க வந்த பெண்களெல்லாம், அடுத்த தடவை நல்லபடியாப் பெத்துக்கலாம், கவலைப்படாதே என்றார்கள். இவர் ஒருவர்தான், "என்ன பேர் வைத்திருந்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். சொன்ன பிறகுதான் அழுதேன். அந்த அழுகையை அவர் இல்லாவிட்டால் எங்கே போய் அழுதிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அதனால்தான் அவர் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து போகிற அளவுக்குப் பழக்கம் ஆனது. வேலை முடிந்ததும் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். கீழேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவேன். மேலே கூப்பிடமாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மேலே மல்லிகா இருந்தாள்.

மல்லிகா என்பது நான் வைத்த பேர். கடலூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். ஊரில் அம்மாவிடம் ஒரு பெண்பிள்ளையை விட்டுவிட்டு, குவைத்தி வீடு ஒன்றில் குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்தவள். அங்கே வீட்டு வேலைக்கு நிற்கிறவர்கள் வீட்டு எஜமானியை மாமா என்று கூப்பிட வேண்டும். இவளுடைய மாமா ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. அடி கிடையாது, பட்டினி கிடையாது, சம்பளம்கூட சரியாக வந்தது. பிரச்சினை குழந்தைதான். நூரா என்று பேர். பிறந்ததிலிருந்து மல்லிகாவிடம் வளர்ந்த பிள்ளை, அவள் இல்லாமல் தூங்காது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறேன் என்று கேட்டபோது, "நூரா பேசட்டும்" என்றாள் மாமா. அப்புறம் நூரா தானாகச் சாப்பிடட்டும். அப்புறம் நூரா பள்ளிக்கூடம் போகட்டும். பாஸ்போர்ட் மாமாவின் பீரோவில். கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான ஸ்பான்சர், அவள் புருஷன். அவர்கள் கையெழுத்து இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. நாலு வருஷம் ஓடிவிட்டது. அங்கே ஊரில் அவள் பெற்ற பெண், போனில் இவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் விடியும் முன்பு குப்பை போடப் போவதுபோல் வெளியே வந்து, நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். டாக்சி ஓட்டும், எங்களுக்குப் பழக்கமான கீழக்கரைப் பாய் ஒருவர் பார்த்து, தமிழ்ப் பெண் என்று தெரிந்து, அப்பாசியாவில் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார். "அக்கா, அரசாங்கத்துல பொதுமன்னிப்பு விடுற வரைக்கும் வச்சுக்கங்க. விட்டாங்கன்னா எம்பசில பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அவுட்பாஸ் வாங்கிட்டு ஜெயில் இல்லாம ஊர் போயிடலாம்" என்றார். அப்போதெல்லாம் சில வருஷங்களுக்கு ஒருமுறை அப்படி ஒரு பொதுமன்னிப்பு வரும். ஓடிப்போனவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் அடுக்களைகளிலும் மொட்டைமாடி அறைகளிலும் காத்துக் கிடப்பார்கள். மல்லிகாவும் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான், அதுவரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது.

யார் கண்ணில் படக் கூடாதோ, சரியாக அந்தக் கண்ணில்தான் பட்டாள். ஒருநாள் என் கைப்பை காரிலேயே இருந்துவிட்டது. எழுத்துக்காரம்மா அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிட்டார். கதவைத் திறந்தது மல்லிகா. வந்தவரை வாசலில் நிறுத்திவைக்க முடியுமா? என் சித்தி மகள் என்று பொய் சொல்லி உட்காரவைத்து டீ கொடுத்தேன். டீயை வைத்துவிட்டுப் போன மல்லிகாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுடைய சுண்டுவிரலில் ஒரு தழும்பு வளையம் இருக்கிறது. மோதிரம் இல்லை. கயிறு ஏதோ பல காலம் இறுக்கிய தடம். அது என்ன?"

இரண்டு மாதமாக அந்தப் பெண் கையால் சாப்பிடுகிறேன், நான் பார்த்ததில்லை. மல்லிகாவிடம் கேட்டேன். அவள் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராவுல நான் எழுந்து போயிருவேன்னு பாப்பாவுக்கு பயம்க்கா. அதனால என் நைட்டி நாடாவ உருவி, ஒரு முனைய அது சுண்டுவிரல்ல, ஒரு முனைய என் சுண்டுவிரல்ல கட்டிக்கும். அது கட்டுனாத்தான் கண்ண மூடும். அதுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அப்படித்தான். நான் வந்த அன்னிக்கு, என் விரல்ல இருந்து அவுத்து, கட்டில் கால்ல கட்டிட்டு வந்தேன். பாப்பா இழுத்துப் பாத்தா டைட்டா இருக்கணும்ல? நான் இருக்கேன்னு நெனச்சுக்கும்ல?"

எழுத்துக்காரம்மா மல்லிகாவின் விரலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்ன நிறம்?"

"பச்சைங்க" என்றாள் மல்லிகா.

அடுத்த மாதம் முழுவதும் அந்தக் கார் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கதையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குவைத்து இல்லை, வேறு ஒரு துறைமுக ஊர். மல்லிகா பிலிப்பைன்ஸ்காரி ஆகியிருந்தாள். நூரா ஒரு ஆண்பிள்ளை. எஜமானி ஒரு விதவை. படித்து முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாடா மட்டும் அந்த நாடா. கட்டில் கால் மட்டும் அந்தக் கட்டில் கால்.

"இத மாத்திருங்க. கைக்குட்டைன்னு போடுங்க. சட்டை நுனியப் பிடிச்சிட்டுத் தூங்குச்சுன்னு போடுங்க. அந்த வீட்டு அம்மா காலையில வந்து அந்த நாடாவத்தானே மொதல்ல பாத்திருப்பா? அவ கண்ணுல இந்தக் கதை பட்டா என்ன ஆகும்?" என்றேன்.

ஒரு வாரம் முயற்சி செய்தார். இளைத்தே போய்விட்டார். "முடியவில்லை. கைக்குட்டை போட்டால் எல்லாரும் பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள்" என்று வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் கதை உயிரோடு இருப்பதற்கு ஒரு பெண் சாக வேண்டுமா என்று கேட்டேவிட்டேன். மல்லிகாதான் என் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும்க்கா. எங்கியோ அமெரிக்காவுல வரப்போவுது. நான் பட்டது அதுல ஒண்ணாச்சும் நெசமா இருக்கட்டும்" என்றாள். அந்த அம்மாவும் எனக்காக ஒன்று செய்தார். நிறத்தை எடுத்துவிட்டார். கதையில் வெறும் நாடா என்றுதான் இருக்கும். அவரைப் பொறுத்தவரை அது கையில் ஒரு விரலை வெட்டிக் கொடுத்ததுபோல.

கதை அமெரிக்காவில் ஏதோ ஒரு பத்திரிகையில் வந்து, பேசப்பட்டது. அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காலேஜ் நிர்வாகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆண்டு விழாவில், மாணவிகளின் குடும்பத்தார் எல்லாரும் வந்திருக்கும்போது, நம் பேராசிரியை தன் கதையை வாசிப்பார் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். எந்தக் கதை என்று எனக்கு அன்று மத்தியானம் நாற்காலி போடும்போதுதான் தெரியும். ஓடிப்போய்க் கேட்டேன். "அவர்கள் கேட்டது அதைத்தான். பயப்படாதே, அது இந்த ஊரே இல்லை" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம். நான் பக்கவாட்டுச் சுவரோரம் தண்ணீர் பாட்டில்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் வாசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக ஒருவர் வாசித்து நான் கேட்டதில்லை. அரங்கத்தில் ஒரு போன் அடிக்கவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். கேள்விகள் கேட்கலாம் என்றார் டீன். நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கறுப்பு அபாயா அங்கி, அழகான முகம். தன் தங்கை இங்கே படிப்பதாகச் சொல்லிக்கொண்டாள். சுத்தமான அமெரிக்க ஆங்கிலம்.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த நாடா என்ன நிறம்?"

எத்தனையோ நிறம் இருக்கிறது. சிவப்பு, நீலம், வெள்ளை, வாயில் வந்த எதையாவது சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்றிருக்கலாம். வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அதைத் திருப்பி அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"பச்சை" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல், சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். அபாயாக்காரப் பெண்ணும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் பேரும் போட்டோவும் போட்ட காலேஜ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏசி மெக்கானிக், அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியாட்டி? அந்தம்மா சங்காத்தமே வேண்டாம்னு" என்று கத்தியவர், மல்லிகாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "இன்னைக்கு வியாழக்கிழமை, ரோடு முழுக்க செக்கிங்கா இருக்கும். நாளைக்கு ஜும்மா தொழுகை நேரத்துல ரோட்ல ஒருத்தனும் இருக்கமாட்டான். பாய வரச்சொல்லுதேன். வேற எடத்துல கொண்டு விட்டுருவோம்" என்றார்.

மறுநாள் ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. மல்லிகா தன் துணிகளை ஒரு பையில் அடைத்துவிட்டு, போவதற்குள் எங்களுக்குப் பூரி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. பாய் என்று நினைத்துக் கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்த அபாயாக்காரப் பெண். தனியாக இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை.

கதவைத் திறக்கவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் மல்லிகாவை அடுக்களைக்குப் பின்னால் துணி காயப்போடும் சந்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மல்லிகாவின் மாமா அவள்தான். சத்தம் போடவில்லை, கதவைத் தட்டவில்லை. குழந்தையிடம் குனிந்து ஏதோ சொன்னாள்.

"மல்லிகா" என்று கூப்பிட்டது குழந்தை.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது குரல் உடைந்துபோயிற்று. சந்துக் கதவு திறந்தது. மாவுக் கையோடு மல்லிகா வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "ஏ, போகாதளா. பாயி வந்துட்டிருக்காரு. இன்னும் ஒரு அரை மணி நேரம்" என்றேன். அவள் என்னைத் தள்ளக்கூட இல்லை. "பாப்பா அழுவுதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் ஏதோ கல்லோ கட்டையோ என்பதுபோலச் சுற்றிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. கீழ்ப்படியில் நின்றிருந்த இரண்டு ஆண்கள் அதற்குப் பிறகுதான் மேலே ஏறி வந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. முந்தின நாள்தான் வந்து விழுந்தேன், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். மாமாவும் எங்கள் மேல் கேஸ் வேண்டாம் என்றாளாம். அவளுக்கு வேண்டியது வேறு. திரும்ப வீட்டுக்கு வந்தால் ஓடிப்போன புகாரை வாபஸ் வாங்குகிறேன், வராவிட்டால் தங்க வளையல் காணவில்லை என்று இன்னொரு புகார் கொடுப்பேன் என்றாள். திருட்டுக் கேஸ் என்றால் வருஷக்கணக்கில் ஜெயில். மல்லிகா திரும்பிப் போனாள்.

எழுத்துக்காரம்மா சும்மா இருக்கவில்லை. எம்பசிக்குப் போனார், வக்கீலிடம் போனார். அந்த வீட்டு வாசலில் வெயிலில் போய் நின்றார். அவருடைய காண்ட்ராக்டை அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்க முடியாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். குளிர்காலம் ஆரம்பிக்கும்போது, எல்லாரும் காத்திருந்த பொதுமன்னிப்பு வந்தது. எம்பசி வாசலில் பெட்டியும் பையுமாக வரிசை நின்றது. மல்லிகாவுக்கு அதில் இடமில்லை. அவள் இப்போது ஓடிப்போனவள் இல்லை, முறையாக ஒரு வீட்டில் வேலை செய்கிறவள்.

அந்த நாட்களில் மல்லிகாவிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். "நல்லாத்தான் இருக்கேன்க்கா. பாப்பா ஒசந்திருச்சு. இப்பல்லாம் அது நாடா கட்டுறதில்லக்கா. மாமாவே ராவுல வந்து கட்டிட்டுப் போறாங்க. அவங்க போடுற முடிச்சு எனக்கு அவுக்க வரமாட்டேங்குது. பழைய நாடா இல்ல, அது இத்துப்போச்சு. புதுசு வாங்கியிருக்காங்க." என்ன நிறம் என்றும் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஊருக்குப் போகிற பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. நாங்கள் குவைத்தை விட்டு வரும்வரை அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

தன் ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முதல்நாள் எழுத்துக்காரம்மா என்னைப் பார்க்க வந்தார். சோபாவில் உட்காராமல், மல்லிகா அழுதுகொண்டு உட்கார்ந்த அந்த அடுக்களை வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நிஜமான அழுகை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் அழுதேன். என் பிள்ளையின் பேரைக் கேட்ட மனுஷி அல்லவா. அந்தப் பேர் இன்றுவரை அவர் எழுதின எதிலும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன்.

"அவள் பேசினாளா?" என்று கேட்டார்.

"பேசினா. இப்ப அந்த வீட்டு அம்மாவே நாடாவக் கட்டி விடுதாளாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

அவர் அழுகை நின்றது. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, கண் மட்டும் எனக்குத் தெரிந்த அந்தப் பழைய கண்ணாக ஆயிற்று. தன்னை அடக்கிக்கொள்ள அவர் பட்ட பாட்டையும் பார்த்தேன். உதட்டைக் கடித்தார். தலையைக் குனிந்துகொண்டார். என் கையை விட்டார். முடியவில்லை.

"அதே நாடாவா?" என்றார். "இல்லை, புதுசா? என்ன நிறம்?"

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைத் தொடாமல் படியிறங்கிப் போனார்.

பிறகு அவருடைய நாலாவது புத்தகம் வந்தது. பரிசெல்லாம் கிடைத்ததாம். கடைசிக் கதையில், ஓடிப்போன பெண் திரும்பி வருகிறாள், ஒவ்வொரு ராத்திரியும் எஜமானி வந்து அவள் விரலில் நாடாவைக் கட்டிவிட்டுப் போகிறாள். என்ன நிறம் என்று மட்டும் அதில் இல்லை. எனக்குத் தெரியும். இதிலும் நான் எழுதவில்லை.